மூலமும் அடிக்குறிப்பும்

பழந்தமிழ் நூலொன்றின் நல்ல பதிப்பை எடுத்து விரித்துப் பாருங்கள். பக்கத்தின் மேற்பகுதியிலே பெரிய எழுத்திற் செய்யுள் நிற்கும். அதன்கீழ்ச் சற்றுச் சிறிய எழுத்தில் உரை செல்லும். அதற்குங் கீழே குறுக்காக ஒரு கோடு. கோட்டின் கீழே மிகச் சிறிய எழுத்திற் சில வரிகள். இச்சொல்லுக்கு மற்றொரு பிரதியில் வேறு பாடம் உண்டு என்று ஒரு வரி கூறும். உரையாசிரியர் காட்டிய மேற்கோள் இன்ன நூலில் இன்ன செய்யுளில் உள்ளது என்று மற்றொரு வரி கூறும். இக்கருத்தோடு ஒப்பு நோக்கத் தக்க பகுதி இது என்று வேறொரு வரி கூறும். நூலைப் படிப்பவர்களிற் பெரும்பாலார் அந்தக் கோட்டைத் தாண்டிக் கீழே செல்வதில்லை. தேர்வுக்குப் படிக்கும் மாணவரோ அவ்வெழுத்தைக் கண்டாலே பக்கத்தைத் திருப்பிவிடுகின்றனர்.

ஆனால் அந்தக் கோடு எளிதிற் போடப்பட்ட கோடன்று. அது நம் பக்கங்களுக்கு வந்து சேர்வதற்கு நூற்றாண்டுகள் பல சென்றன. அது இல்லாத காலத்திலே நூல்கள் பட்ட துன்பமும் கொஞ்சமன்று. பிறர் ஒருவர் சொன்ன சொல்லோடு நம்முடைய விளக்கத்தையுஞ் சேர்த்து எழுத நேரும்போது அவ்விளக்கத்தை எங்கே எழுதுவது? மூலத்தின் நடுவிலா, பக்கத்திலா, கீழேயா, வேறொரு நூலிலா? கேட்பதற்கு இது அச்சுக்கோப்பவர் தீர்க்கவேண்டிய சிறு கேள்வியாகத் தோன்றும். வரலாற்றை நோக்கினால், இன்னாருடைய சொல் இது என்று அறியும் உரிமையே இக்கேள்வியில் அடங்கியிருக்கின்றது என்பது புலனாகும். அவ்வரலாற்றையே இன்று சுருக்கமாகக் கூற விரும்புகின்றேன்.

முதலில் நம் முன்னோர் எழுதிய பனையோலையை நினைத்துக்கொள்வோம். ஓலை நீளமானது, ஆனால் அகலமோ இரண்டு மூன்று விரல் அளவே. எழுத்தாணியாற் கீறப்படும் வரிகள் ஓலையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நெருங்கிச் செல்லும். கயிறு கோப்பதற்குரிய துளையைச் சுற்றி விடப்படும் சிறு வெளியையும், இரு முனைகளிலும் விடப்படும் சிற்றிடத்தையும் தவிர ஓலையில் வெற்றிடம் இராது. சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. ஓலை கிழியும் என்று அஞ்சி மெய்யெழுத்துக்குப் புள்ளியும் பெரும்பாலும் இடுவதில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு காண்பதும், காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு காண்பதும் படிப்பவருடைய அறிவைப் பொறுத்தவை. இத்தகைய ஓலையில் ஓரக்குறிப்புக்கு இடம் ஏது?

ஆகவே தமிழிலே குறிப்பு மூலத்தின் பக்கத்தில் நிற்கவில்லை; அதன் பின்னே நின்றது. ஒரு செய்யுள் முடிந்ததும் அதன் உரை தொடங்கும்; உரை முடிந்ததும் அடுத்த செய்யுள் தொடங்கும். எல்லாம் ஒரே அளவான எழுத்து, ஒரே வரியோட்டம். செய்யுளின் முதற்சொல்லை மாத்திரம் எழுதி முழு உரையையும் எழுதிய ஏடுகளும் உண்டு. மூலம் மாணவனுக்கு மனப்பாடமாக இருக்கும் என்பது ஏடெழுதுவோர் நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்குக் காரணமும் இருந்தது. அக்காலத்தில் ஏடு தனித்து வாழவில்லை. அதன் அருகில் ஆசிரியர் இருந்தார். எது மூலம், எது உரை, எது மேற்கோள், எது ஆசிரியர் தாமே சேர்த்துச் சொல்வது என்பவற்றை அவருடைய குரலே வேறுபடுத்திக் காட்டியது. இறையனார் களவியலுக்கு நக்கீரர் கண்ட உரை பத்துத் தலைமுறை வாய்மொழியாக வந்து முசிறி ஆசிரியர் நீலகண்டனார் காலத்தில் நிலைபெற்றது என்று அவ்வுரையின் பாயிரமே கூறுகின்றது. பின்னாளில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் காண்டிகை, விருத்தி என்று உரையை வகைப்படுத்தினார். கருத்துரைத்தல், பதப்பொருள் கூறல், உதாரணங் காட்டல், வினாவி விடை தரல் ஆகியவை உரையின் உறுப்புகளாக எண்ணப்பட்டன. இவை யாவும் ஓர் ஆசிரியர் மாணவர் முன் இருந்து செய்யும் செயல்களேயாம். உரை என்னும் சொல்லே பேச்சு என்ற பொருளையும் உடையது அல்லவா?

ஆசிரியர் மறைந்து ஏடு மாத்திரம் எஞ்சியபோதுதான் இடர் தொடங்கியது. படித்தவர் ஒருவர் அருஞ்சொல்லொன்றின் அருகே எளிய சொல்லொன்றை எழுதி வைப்பார். அடுத்துப் பிரதி செய்பவர் அதை விடுபட்ட பாடமென்று கருதி மூலத்துள் ஏற்றிவிடுவார். சுவைத்துப் படித்த புலவர் ஒருவர் தாமும் ஒரு பாட்டுப் பாடி அவ்விடத்திற் சேர்ப்பார். பின்வந்தவருக்கு இரண்டும் ஒன்றே. சீவகசிந்தாமணியிற் சில செய்யுட்கள் திருத்தக்கதேவர் வாக்கல்ல, கந்தியார் என்பவர் பாடிச் சேர்த்தவை என்று உரையாசிரியராகிய நச்சினார்க்கினியரே குறிப்பிடுகின்றார். கம்பராமாயணத்தில் மிகைப்பாடல்கள் எனப் பதிப்பாசிரியர்கள் பிரித்து வைத்தவை பல. சேர்த்தவர்கள் எல்லாரும் வஞ்சகர் அல்லர். தம் சொல்லை வைப்பதற்கு வேறிடம் இல்லாத ஏட்டில் அவர்கள் எழுதினார்கள்.

இனி, நம் இலங்கைத் தீவிலேயே இக்கேள்விக்கு வேறொரு விடை காணப்பட்டதை நோக்குவோம். கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த பௌத்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்டது. மாத்தளைக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையில் இது நிகழ்ந்தது என்பது மரபு. புத்தருடைய வாக்கு ஒருபால். அதற்கு ஆசிரியர்கள் கூறிய விளக்கமாகிய அட்டகதை ஒருபால். விளக்கத்தைத் தனி நூல்களாகவே பேணிய பிக்குமார், மூலத்துள் ஒரு சொல்லும் கலவாதிருக்க வழி கண்டனர். மூலம் பாளி மொழியில் இருந்தது. விளக்கங்கள் சிங்கள மொழியில் இருந்தன. ஆதலால் மொழியே இரண்டுக்கும் இடையில் வேலியாக நின்றது.

5ஆம் நூற்றாண்டிலே புத்தகோசர் அனுராதபுரத்து மகாவிகாரைக்கு வந்தார். அங்கிருந்த சிங்கள அட்டகதைகளைக் கற்று, அவற்றை ஆதாரமாகக் கொண்டு பாளியில் உரைநூல்களை இயற்றினார். அவருடைய உரைகள் கடல் கடந்து பர்மாவிலும் சீயத்திலும் பரவின. ஆனால் அவற்றுக்கு ஊற்றாக இருந்த பழைய சிங்கள அட்டகதைகள் காலப்போக்கில் அழிந்துவிட்டன. இன்று அவற்றுள் ஒன்றேனும் முழுமையாக நம் கையில் இல்லை. தனியே வைத்த குறிப்பு மூலத்தைக் கெடுக்காது. ஆனால் மூலம் பிழைத்திருக்கவும் குறிப்பு தனியே அழிந்துபோகலாம். குறிப்பு மூலத்தோடு கலந்தாலும் கேடு, மூலத்தை விட்டு அகன்றாலும் கேடு என்பதை இவ்விரு வரலாறுகளும் நமக்குக் காட்டுகின்றன.

பனையோலையின் நெருக்கடி இல்லாத நாடுகளில் என்ன நடந்தது? ஐரோப்பாவிலே தோலிலும் பின்னர்க் கடதாசியிலும் எழுதினர். அங்கே பக்கம் அகலமானது. 12ஆம் நூற்றாண்டில், பிரான்சு நாட்டு லாவோன் நகர்ப் பள்ளியைச் சார்ந்த ஆசிரியர்கள், விவிலிய வேதத்துக்கு முன்னோர் கூறிய விளக்கங்களைத் தொகுக்கும் பணியில் முன்னின்றனர். அவ்விளக்கத்தோடு எழுதப்பட்ட ஏடுகளில் வேதவாக்கியம் பக்கத்தின் நடுவிலே பெரிய எழுத்தில் நின்றது. இரு புறமும் சிறிய எழுத்தில் விளக்கங்கள் நின்றன. வரிகளுக்கிடையே சொற்பொருள் நின்றது. யூதருடைய தால்மூத் என்னும் பெருநூலும் இவ்வாறே அமைந்தது. 1520ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில் வெனிஸ் நகரிலே தானியேல் பொம்பெர்க் என்னும் கிறிஸ்தவர் அதனை முழுமையாக அச்சிட்டார். நடுவில் மூலம், உட்புற ஓரத்திலே, 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ராஷி என்னும் பேராசிரியரின் உரை, வெளிப்புற ஓரத்திலே, அவர் வழிவந்த மாணாக்கரும் பேரரும் பிறரும் எழுப்பிய ஐயங்களும் விடைகளும். ஆசிரியரையும் மாணாக்கரையும் ஒரே பக்கத்தில் அமர்த்தி வாதிக்கச் செய்தது போன்ற அமைப்பு அது. உலகின் எம்மூலையில் அந்நூலைப் படிப்பவரும் பொம்பெர்க் வகுத்த ஏட்டு எண்ணையே இன்றும் பின்பற்றுகின்றனர்.

ஆயினும் அகலமான ஓரமும் இடருக்கு அப்பாற்பட்டதன்று. விவிலியத்திலே, யோவான் எழுதிய முதல் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில், பரலோகத்தில் சாட்சி கூறும் மூவரைப்பற்றி ஒரு வாக்கியம் இலத்தீன் ஏடுகளில் வழங்கியது. பழைய கிரேக்க ஏடுகளில் அது இல்லை. ஓரத்திலே எழுதப்பட்ட விளக்கமொன்று நாளடைவில் மூலத்துள் நுழைந்திருத்தல் வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து. 1516இலும் 1519இலும் கிரேக்க மூலத்தைப் பதிப்பித்த எராஸ்மஸ் அதனை விட்டுவிட்டார். எதிர்ப்பு எழுந்தது. 1522ஆம் ஆண்டுப் பதிப்பிலே அவரும் அதனைச் சேர்க்க நேர்ந்தது. கந்தியாருடைய பாட்டுக்கு நேர்ந்ததும் இதுவே அல்லவா?

மற்றோர் இடரும் உண்டு. குறிப்பு மூலத்துள் நுழையாமலே மூலத்தை ஆளக்கூடும். 1560இல் வெளிவந்த ஜெனீவா விவிலியம் ஆங்கிலேயர் வீடுதோறும் படித்த நூல். அதன் ஓரங்கள் முழுதும் குறிப்புகள். எகிப்து மன்னனின் கொடிய கட்டளைக்கு மருத்துவச்சிகள் கீழ்ப்படியாத கதை யாத்திராகமத்தில் வருகின்றது. அவர்கள் கீழ்ப்படியாமை முறையானதே என்று ஓரத்திற் குறிப்பெழுதியிருந்தனர் ஜெனீவா விவிலியத்தார். மன்னனுக்குக் கீழ்ப்படியாமை முறையாகுமா என்று 1604ஆம் ஆண்டிலே ஹம்ப்டன் கோட் மகாநாட்டிற் சினந்தார் இங்கிலாந்தின் அரசர் முதலாம் ஜேம்ஸ். புதிய மொழிபெயர்ப்பொன்று செய்யப் பணித்தபோது, எபிரேய கிரேக்கச் சொற்களை விளக்குதற்கன்றி ஓரக்குறிப்பு வேண்டா என்று விதிக்கப்பட்டது. 1611இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கில விவிலியம் அவ்விதிப்படி அமைந்ததேயாம். சிறிய எழுத்துக்கு அரசர் அஞ்சினார். சிறிய எழுத்தின் வலிமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பின்னர் வரலாற்றாசிரியர் கையிலே குறிப்பு புதிய கடமை ஒன்றை ஏற்றது. பொருள் விளக்குவது மாத்திரமன்று, சான்று காட்டுவதும் அதன் தொழிலாயிற்று. பிரான்சை விட்டு வந்து ஒல்லாந்திலே வாழ்ந்த பியேர் பேல் என்பவர் 1697இல் வரலாற்று அகராதியொன்றை வெளியிட்டார். அதில் மேலே நிற்கும் மூலம் சில வரிகளே; பக்கத்தை நிரப்புவன குறிப்புகள். இன்னார் இவ்வாறு கூறினார், அவர் கூற்று இக்காரணத்தாற் பிழை என்று ஆராயும் நீதிமன்றமாக அப்பக்கத்தின் அடி விளங்கியது. 1776இலே எட்வர்ட் கிப்பன் உரோமப் பேரரசின் வீழ்ச்சியைக் கூறும் தம் நூலின் முதற்பாகத்தை வெளியிட்டபோது குறிப்புகள் யாவும் நூலின் இறுதியிலே அச்சிடப்பட்டிருந்தன. நோயுற்றிருந்த தத்துவஞானி டேவிட் ஹியூம் அந்நூலை வாசித்து மகிழ்ந்தார். ஆனால் ஒவ்வொரு குறிப்புக்கும் நூலின் கடைசிவரை செல்லவேண்டியிருப்பது தொல்லை என்றும், சான்று காட்டும் குறிப்புகளைப் பக்கத்தின் ஓரத்திலோ அடியிலோ அமைக்கவேண்டும் என்றும் அச்சகத்தாருக்கு எழுதினார். அவ்வாண்டிலேயே ஹியூம் காலமானார். பின்வந்த பதிப்பிலே கிப்பனுடைய குறிப்புகள் பக்கத்தின் அடிக்கு இறங்கின. அன்றுதொட்டு இன்றுவரை அந்நூலைப் படிப்போர் அவ்வடிக்குறிப்புகளைத் தனிச் சுவையோடு படித்து வருகின்றனர்.

நிற்க. இனி நம் தமிழுக்குத் திரும்புவோம். தமிழ் நூல்கள் ஓலையை விட்டுக் கடதாசிக்கு வந்தபோது பழைய கேள்வி புதிதாகப் பிறந்தது. 1812இலே திருக்குறள் முதன்முதல் அச்சேறியபோது அது மூலபாடமாகவே, நாலடியாரோடு சேர்ந்து வந்தது, உரை இல்லை. உரையோடு கூடிய பெருநூல்களைப் பிழையின்றி அச்சிடவேண்டுமாயின், பதிப்பாசிரியர் ஒவ்வொரு வரியிலும் நின்று, இது மூலம், இது உரை, இது உரைக்குள் வந்த மேற்கோள் என்று தீர்ப்புக் கூறவேண்டியிருந்தது. ஏட்டிலே மறைந்திருந்த குழப்பம் அச்சிலே மறைந்திருக்க முடியாது. சிறிய எழுத்தா பெரிய எழுத்தா என்று அச்சுக்கோப்பவர் கேட்பாரே!

இத்தொண்டில் நம் யாழ்ப்பாணத்தார் முன்னணியில் நின்றனர் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. வண்ணார்பண்ணையிலே அச்சியந்திரசாலை நிறுவிய ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் 1861இலே திருக்குறளைப் பரிமேலழகர் உரையோடு பதிப்பித்தார். சொற்றொடரைப் பிரித்து, நிறுத்தக்குறிகளை இட்டு, படிப்பவருக்குத் தெளிவு உண்டாகும்படி பக்கத்தை அமைத்த அவருடைய முறை பின்வந்தார்க்கு வழிகாட்டியது. அவருக்குப் பின் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இலே வீரசோழியத்தையும், 1883இலே இறையனார் அகப்பொருளையும், 1887இலே கலித்தொகையையும் உரைகளோடு வெளியிட்டார். கையிலே எடுத்தால் உதிரும் ஓலைகளைத் தேடி அவர் அலைந்த வரலாறு நீங்கள் அறிந்ததே.

அவருடைய பணியிலே நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் கூறவேண்டும். அது அவருக்குக் குறைவாகாது. 1885இலே அவர் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரை என்று வெளியிட்டார். பின்வந்த அறிஞர்கள் அப்பதிப்பை ஆராய்ந்து, மெய்ப்பாட்டியல் முதலிய இறுதி நான்கு இயல்களுக்கு அதிலே காணப்படுவது நச்சினார்க்கினியர் உரை அன்று, பேராசிரியர் உரை என்று காட்டினார்கள். ஓர் உரையாசிரியரின் உரை மற்றோர் உரையாசிரியரின் பெயரோடு வழங்கிவிட்டது. எழுத்தும் ஒன்று, ஓட்டமும் ஒன்று, இடையிலே குறியும் இல்லை எனின், எத்துணைப் பெரிய அறிஞரும் இவ்வாறு மயங்குதல் இயல்பே. ஆனால் நூல் அச்சிலே வந்து, எல்லார் கையிலுஞ் சென்று, ஒப்பிட்டு நோக்க இடந் தந்தமையாலன்றோ அப்பிழை வெளிப்பட்டது? தாமோதரம்பிள்ளை பதிப்பியாது விட்டிருப்பின் திருத்துவதற்குப் பிழையும் இராது; நூலும் இராது.

தமிழ்ப் பக்கத்தின் அடியிலே அக்கோட்டை உறுதியாக நிலைநாட்டியவர் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர். 1880ஆம் ஆண்டிலே கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்று ஐயரைக் கேட்டார். அக்கேள்வியே ஐயருடைய வாழ்க்கையைத் திருப்பியது. சிந்தாமணியின் ஏட்டைத் தேடி எடுத்தால், நச்சினார்க்கினியர் தம் உரையிலே பக்கந்தோறும் மேற்கோள் காட்டுகின்றார். ஆனால் அவை எந்நூலைச் சேர்ந்தவை என்று பெரும்பாலும் கூறுவதில்லை. தம்மிடம் பாடங் கேட்போர் அவற்றை அறிவர் என்பது அவ்வுரையாசிரியர் எண்ணம். நூற்றாண்டுகள் பல கழிந்தபின் அறிந்தவர் யார் இருந்தனர்?

ஐயர் அம்மேற்கோள்களை ஒவ்வொன்றாகக் குறித்து வைத்துக்கொண்டார். திருவாவடுதுறை ஆதீனத்துப் பழஞ்சுவடிகளை ஆராய்ந்தபோது, எவரும் தீண்டாது கிடந்த ஏடுகளில் அம்மேற்கோள் அடிகளையே கண்டார். அவை சங்கநூல்கள்! உரையில் வந்த சிறு மேற்கோள், மறைந்து கிடந்த பெருநூலுக்கு வழிகாட்டும் நூலிழையாயிற்று. 1887இலே சிந்தாமணி வெளிவந்தது, 1889இலே பத்துப்பாட்டு, 1892இலே அரும்பதவுரையோடும் அடியார்க்குநல்லார் உரையோடும் சிலப்பதிகாரம், 1894இலே புறநானூறு. பழைய உரை கிடையாத மணிமேகலைக்கு ஐயர் தாமே அரும்பதவுரை எழுதி 1898இலே வெளியிட்டார். அவ்விடத்திலும் சாத்தனார் சொல் சாத்தனார் சொல்லாகவே நிற்க, ஐயர் சொல் வேறிடத்தில், தம் பெயரோடு நின்றது.

ஐயருடைய அடிக்குறிப்புகளை உற்று நோக்குவோர் அவற்றில் ஒரு பணிவைக் காண்பர். ஏடுகள் தம்முள் மாறுபட்ட இடத்தில், தாம் சிறந்ததெனக் கொண்ட பாடத்தை மேலே வைத்து, மற்றப் பாடங்களைக் கீழே காட்டினார். என் தீர்ப்பு இது. உமக்கு வேறு தோன்றுமாயின் இதோ சான்றுகள் என்று படிப்பவரிடம் ஒப்புவித்தது அவருடைய பக்கம். பிற்காலத்தார் சில இடங்களில் அவர் தள்ளிய பாடத்தையே சிறந்ததென்று கொள்ளுதல் கூடும். அவ்வாறு கொள்ளும் உரிமையை அவர்களுக்கு அளித்தது அந்த அடிக்குறிப்பே.

உரைக்கும் மூலத்துக்கும் இடையிலே தெளிவான எல்லை ஏற்பட்டபின் மற்றொரு நன்மையும் விளைந்தது. முல்லைப்பாட்டுக்கும் பட்டினப்பாலைக்கும் பொருள் கூறிய நச்சினார்க்கினியர், தொலைவில் நிற்கும் அடிகளிலிருந்து சொற்களை எடுத்து மாட்டிப் பொருள் முடித்தார். மறைமலையடிகள் 1903இலே முல்லைப்பாட்டுக்கும், 1906இலே பட்டினப்பாலைக்கும் ஆராய்ச்சியுரை எழுதி, அடிகள் நிற்கும் வரிசையிலேயே பொருள் காணலாம் என்று வாதித்தார். உரையாசிரியர் கூறியதே பாட்டு என்ற நிலைமை மாறி, உரையாசிரியர் கூறியதைப் பாட்டோடு வைத்து நோக்கும் நிலைமை பிறந்தது. இருவரில் யார் கூறியது பொருந்தும் என்பதைப் படிப்பவர் தாமே முடிவு செய்யலாம். மூலம் தனியே நிற்பதனால் வந்த பயன் இது.

குறிப்பு மூலத்துக்கு அடங்கியது என்றேன். ஆயினும் மூலம் அழிந்தபின் குறிப்பே மூலத்தைக் காப்பாற்றிய இடங்களும் உண்டு. ஐம்பெருங்காப்பியங்களுள் எண்ணப்படும் வளையாபதியும் குண்டலகேசியும் முழுநூலாகக் கிடைக்கவில்லை. உரைகளில் மேற்கோளாகவும் தொகைநூல்களில் எடுத்தாளப்பட்டும் எஞ்சிய சில செய்யுட்களே இன்று அவற்றின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. தமிழில் இருந்த பழைய இசை நாடக நூல்கள் பலவற்றின் பெயரை அடியார்க்குநல்லார் உரைப்பாயிரத்திலன்றி நாம் எங்கே அறிந்தோம்?

இதற்கு நம் நாட்டிலேயே ஓர் ஒளிமிக்க எடுத்துக்காட்டு உண்டு. மட்டக்களப்புத் தமிழகத்துக் காரைதீவிலே 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகள், வழக்கொழிந்துபோன பழந்தமிழ் யாழ்களின் இயல்பை அறிய விரும்பினார். கருவி ஒன்றேனும் கண்முன் இல்லை. இருந்தவை, சிலப்பதிகார அரங்கேற்று காதையில் யாழாசிரியன் அமைதி கூறும் சில அடிகளும், அவற்றுக்கு அரும்பதவுரையாசிரியரும் அடியார்க்குநல்லாரும் எழுதிய குறிப்புகளுமேயாம். அவற்றை வைத்துக்கொண்டு, கணிதமும் இயற்பியலுங் கற்ற தம் அறிவைத் துணையாகக் கொண்டு, நெடுங்காலம் உழைத்தார். 1947ஆம் ஆண்டு யூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அவருடைய யாழ்நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் இறைவனடி சேர்ந்தார். சில அடிகளுக்கு முன்னோர் எழுதிய குறிப்பு, எழுநூறு ஆண்டுக்கு மேற்பட்ட உறக்கத்தின்பின் ஒரு பெருநூலாக விழித்தெழுந்தது எனலாம். அக்குறிப்புகளை மூலத்தினின்றும் பிரித்துத் தெளிவாக அச்சிட்டு வைத்த பதிப்பு அடிகளுக்கு முன் இருந்திராவிடின், அந்த விழிப்பு எவ்வளவு அரிதாயிருக்கும்!

நேயர்களே, இவ்வளவும் கூறியதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? குறிப்பு மூலத்தின் அருகில் நிற்கவேண்டும். ஆனால் மூலமாக நிற்கக்கூடாது. அகன்றால் அது மறக்கப்படும். அனுராதபுரத்துப் பழைய அட்டகதைகள் அதற்குச் சான்று. கலந்தால் அது மூலத்தைக் கெடுக்கும்; இடைச்செருகல் அதற்குச் சான்று. அருகில், ஆயினும் வேறாக, கண் ஒருமுறை தாழ்ந்தால் எட்டும் இடத்தில், இன்னார் சொல் என்ற அடையாளத்தோடு அது நிற்கும்போதே ஆசிரியருக்கும் நீதி கிடைக்கின்றது. உரைகாரருக்கும் நீதி கிடைக்கின்றது. படிப்பவருக்கும் உரிமை கிடைக்கின்றது.

இது நூலுக்கு மாத்திரம் உரிய நெறியன்று. பிறர் கூறியதை நாம் எடுத்துக் கூறும்போதெல்லாம், அவர் சொன்னது இவ்வளவு, நான் சேர்ப்பது இவ்வளவு என்று பிரித்துக் காட்டுதல் நேர்மையான பேச்சுக்கும் இலக்கணம். அடுத்தமுறை பழந்தமிழ் நூலொன்றை எடுக்கும்போது, பக்கத்தின் அடியிலுள்ள அந்தக் கோட்டில் ஒரு கணம் நின்று, அதன் கீழேயுள்ள சிற்றெழுத்தையும் வாசியுங்கள். ஓலை உதிர உதிர உட்கார்ந்து எழுதிய ஒருவர் அங்கே, இது என் சொல், அது அவர் சொல் என்று நமக்குக் கூறிக்கொண்டிருப்பார்.